கசத்துச் சேம்பு

முத்துப்பேச்சிக்கு இடது காலில் இரண்டு விரல் கிடையாது. தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டும்போது கத்தி நழுவிப் பாதத்தில் பாய்ந்துவிட்டது. காயம் ஆறின பிறகும் சரிவில் கூடையைச் சுமந்து நிற்கக் கால் இடம் கொடுக்கவில்லை. நெடும்பாறை எஸ்டேட்டில் நிற்க முடியாதவளுக்கு என்ன வேலை இருக்கிறது? துணிமணியைச் சுருட்டிக்கொண்டு குமுளி இறங்கி, கம்பம் வழியாகச் சங்கரன்கோவில் பக்கத்துச் சொந்த ஊருக்கே போய்விட வேண்டியதுதான் என்று அவள் நினைத்திருந்தபோது பங்களா பட்லர் சுவக்கீன் அவளைத் தேடிக் கூலிக்காரர் லயத்துக்கே வந்தார்.

"துரைச்சாணியம்மாவுக்குக் கண்ணாடி வீட்டுல ஒரு ஆள் வேணும் பேச்சி. உக்காந்து செய்யிற வேலைதான். செடியைத் தொட்டுத் தொடைக்கத் தெரிஞ்சாப் போதும்."

"கண்ணாடி வீடா? அது என்னது அண்ணாச்சி?"

"வந்து பாரு."

சுவக்கீன் தூத்துக்குடிக்காரர். இருபது வருஷமாகத் துரைமார் வீடுகளில் சமைத்துப் பரிமாறி, இங்கிலீஷும் பேசப் பழகியவர். வண்டிப்பெரியாருக்கு மேலே உள்ள மலைகளில் அவர் கால் வைக்காத பங்களா இல்லை.

பங்களாவின் பின்பக்கம் இருந்தது அந்த வீடு. மேலும் கண்ணாடி, பக்கமும் கண்ணாடி. உள்ளே காலெடுத்து வைத்ததும் ஈர மண் வாசனை முகத்தில் அடித்தது. பலகை பலகையாகக் கண்ணாடிப் பெட்டிகள். தேக்குச் சட்டம் போட்டு, இடுக்கெல்லாம் மக்கு வைத்துப் பூசிக் காற்றுகூடப் போகாதபடி மூடியவை. அடியில் சரளைக்கல், அதற்கு மேல் அடுப்புக்கரி, அதற்கு மேல் மண்ணும் பாசியும். அதில் சிங்கப்பூரிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலில் வந்த செடிகள் நின்றன. வெள்ளிப் புள்ளி போட்ட இலை, அடிப்பக்கம் ரத்தச் சிவப்பான இலை, எருமைக் காது மாதிரித் தடித்த இலை. பூ ஒன்றுகூட இல்லை. துரைச்சாணிக்குப் பூ பிடிக்காது. மொட்டு வந்தால் கிள்ளி எறியச் சொல்லுவாள். இலைதான் வேண்டும் அவளுக்கு.

"இதுக்கு யாரு தண்ணி ஊத்துவா?" என்று கேட்டாள் முத்துப்பேச்சி.

"யாரும் ஊத்த வேண்டாம். செடி விடுற மூச்சு கண்ணாடியில வேர்த்து, வழிஞ்சு, திரும்ப மண்ணுக்கே போகும். அந்தா அந்தப் பெட்டியை மூடி நாலு வருசம் ஆச்சு."

நாலு வருஷமாக மூடிக் கிடந்த பெட்டிக்குள் செடி தளதளவென்று இருந்தது. ஏதோ உயிரோடு புதைத்ததைப் பார்க்கிற மாதிரி இருந்தது முத்துப்பேச்சிக்கு. வயிறு என்று ஒன்று இருக்கிறதே, வேலையை ஒத்துக்கொண்டாள்.

ஒரு மழைக்காலம் போவதற்குள் வேலை கைக்கு வந்துவிட்டது. எந்தப் பெட்டியிலாவது வேர்வை அதிகமென்றால் மூடியை அரை விரல் தூக்கி வைப்பது, அழுகின இலையைக் கத்தரிப்பது, கண்ணாடியில் படரும் பாசியைத் துணியால் வழிப்பது. பெட்டிகள் போக, தண்ணீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டிகளும் நாலு இருந்தன. அவற்றில் ஓடையிலிருந்து பிடித்த சின்ன மீன்களும், பாறையைப் பற்றிக்கொண்டு வளரும் ஒரு சேம்பும் இருந்தன. லயத்துக்காரர்கள் அதைக் கல்லுச்சேம்பு என்பார்கள். வெள்ளத்துக்கு அடியிலும் உயிரோடிருக்கும், வெள்ளம் வற்றிப் பாறை காய்ந்தாலும் உயிரோடிருக்கும். ஒரு விஷயம்தான், அதன் கிழங்கை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது, புதைத்தால் அழுகிவிடும். கல்லின் மேல் வைத்து வாழைநாரால் கட்டிவிட்டால் அதுவே வேர்விட்டுக் கவ்விக்கொள்ளும். கவ்வினால் கத்தி வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

அந்தப் பங்குனியில் துரைச்சாணிக்கு ஓர் ஆசை வந்தது. கல்லுச்சேம்பில் பெரிய புதராக ஒன்று வேண்டும், சீமையில் அவள் அக்கா வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கீழோடையில் கிடப்பதெல்லாம் கையகலம்தான். பெரிசு எங்கே கிடைக்கும் என்று சுவக்கீன் கேட்டார்.

"மேல கசத்துல கெடக்கும்," என்றாள் முத்துப்பேச்சி. சொன்ன பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது, அங்கே யாரும் போவதில்லை என்று.

ஓடை இரண்டு பாறைகளுக்கு நடுவே விழுந்து ஆழமாகத் தேங்குகிற மடு அது. முன்பெல்லாம் லயத்துப் பெண்கள் அங்கேதான் துணி வெளுப்பார்கள். அஞ்சு வருஷத்துக்கு முன்னே கங்காணி அழகுமலை, "அந்தத் தண்ணியில முனி எறங்கியிருக்கு, யாரும் போகக் கூடாது" என்று காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்தில் வைத்துச் சொன்னான். கங்காணி சொன்னால் சொன்னதுதான். லயத்தில் பாதிப் பேரை ஊரிலிருந்து கூட்டிவந்தவன் அவன். முத்துப்பேச்சியையும் அவள் தங்கச்சி வேலுத்தாயையும் கூட்டிவந்தவனும் அவன்தான்.

வேலுத்தாயின் பேச்சை முத்துப்பேச்சி எடுப்பதில்லை. அக்காளுக்குப் புருஷன் மலைக்காய்ச்சலில் செத்த வருஷம் துணைக்கு வந்தவள் அவள். பத்தொன்பது வயசு. மேல்வரிசையில் ஒரு பல்லின் மேல் இன்னொரு பல் ஏறி நிற்கும். சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். ஓர் ஐப்பசி மாதம் துணி துவைக்கப் போனவள் வீடு திரும்பவில்லை. ரெண்டு நாள் காடெல்லாம் தேடினார்கள். மூன்றாம் நாள் குமுளிக்குப் போய்விட்டு வந்த அழகுமலை, "தேடாதீக. கூடலூர் வண்டியில ஒரு வளையல்காரன் பக்கத்துல உக்காந்திருந்தா. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கலை" என்றான். செய்தி ஊருக்குப் போயிற்று. அப்பன் பெரியமுத்து ஊர்க்கிணற்றடியில் நாலு பேர் பார்க்க மகளுக்குத் தலை முழுகினார். முத்துப்பேச்சியும் தன் பங்குக்கு, "எங்கனயும் செத்துத் தொலையட்டும்" என்று வாய்விட்டுச் சொன்னாள். தங்கச்சியின் சீப்பையும் மாற்றுச் சேலையையும் அடுப்பில் போட்டாள்.

பங்குனி வெயிலில் கசம் பாதி வற்றியிருந்தது. உச்சிப்பொழுது. முனி பயம் இல்லாமலில்லை, ஆனாலும் துரைச்சாணி கேட்டுவிட்டாளே. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். பாறை கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு அடியில் இருந்தது அந்தப் புதர். இதுவரை அவள் பார்த்த சேம்பெல்லாம் அதற்கு முன்னால் குஞ்சு. கரும்பச்சை இலைகள், ஒவ்வொன்றும் முழங்கை நீளம். காற்று இல்லை. தண்ணீரும் அசையவில்லை. இலைகள் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

கையை அடியில் விட்டுத் துழாவினாள். வேர் பிடித்திருந்த கல் உருண்டையாக, ஒரு தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தட்டுப்பட்டது. பெரும்பாறையோடு அதைப் பிணைத்திருந்த வேர்களை ஒவ்வொன்றாக அறுத்தாள். கடைசி வேர் அறுந்ததும் மொத்தப் புதரும் அவள் மார்பின் மேல் வந்து சாய்ந்தது. ஈர இலை ஒன்று கன்னத்தில் படிந்து ஒட்டிக்கொண்டது. கல் எடைகூட அதற்கு இல்லை.

கூடையில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு ஒன்றரை மைல் நொண்டிக்கொண்டே நடந்தாள். வழி நெடுக அதிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி அவள் நெற்றியிலும் கழுத்திலும் இறங்கிக்கொண்டே இருந்தது. பங்களா வாசலில் நின்ற சுவக்கீன், "என்ன பேச்சி, அழுதியா?" என்று கேட்டார்.

"தண்ணி அண்ணாச்சி," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

துரைச்சாணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரிய தொட்டியில் பாதி தண்ணீர் விட்டு, வேர்ப்பந்தோடு அப்படியே உட்கார வைத்து, மேலே கண்ணாடிப் பலகையால் மூடச் சொன்னாள். இடம் மாறின சேம்பின் இலைகள் கரைவது வழக்கம்தான். இதன் இலைகளும் மூன்று நாளில் கூழாகிக் கரைந்தன. நாலாம் நாளே புதுக் குருத்து வந்தது. ஒன்றல்ல, அஞ்சு. விரல் மாதிரிச் சுருண்டு தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு வந்தன.

செடி என்றால் வெளிச்சத்துப் பக்கம் சாயும். கண்ணாடி வீட்டில் எல்லாமே கிழக்கே பார்த்துத்தான் நிற்கும். இது மட்டும் மேற்குச் சுவரைப் பார்த்துத் திரும்பியது. அந்தச் சுவரோரம்தான் முத்துப்பேச்சி மணை போட்டு உட்கார்ந்து வேலை செய்வாள். தொட்டியைத் திருப்பி வைத்தாள். மறுநாள் காலையில் அஞ்சு இலையும் மறுபடி அவள் மணையைப் பார்த்தன. மணையைத் தெற்கே மாற்றிப் போட்டாள். இரண்டே நாளில் இலைகளும் தெற்கே திரும்பின.

மீன்கள் இன்னொரு கதை. மற்றத் தொட்டிகளில் ஆள் அரவம் கேட்டால் சேம்பின் வேருக்குள் ஓடி ஒளியும். இதில் விட்ட ஏழு மீனும் வேர்ப்பந்தின் பக்கமே போகவில்லை. எதிர்மூலையில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. இரை போட்டாலும் அந்த மூலையை விட்டு நகராமல், ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன.

காலையில் எல்லாப் பெட்டியிலும் உட்பக்கம் ஆவி படிந்து கண்ணாடி வெள்ளையாக இருக்கும். இந்தத் தொட்டியிலும் படியும். ஆனால் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஓர் இடம் மட்டும் படியாமல் தெளிவாக இருக்கும். வட்டமாக, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிசாக. யாராவது உள்ளே இருந்து கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து வெளியே பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. முத்துப்பேச்சி வெளிப்பக்கம் துடைத்துப் பார்த்தாள். மூடியைத் திறந்து உட்பக்கமும் துடைத்தாள். மறுநாளும் அதே இடத்தில் அதே வட்டம் இருந்தது.

பயந்து ஓடியிருக்க வேண்டும். அவளுக்கு என்னவோ ஓடத் தோன்றவில்லை. வர வர அந்தத் தொட்டியை விட்டு நகர்வதே குறைந்துவிட்டது. மத்தியானக் கஞ்சியை அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் குடித்தாள். ஒருநாள் சுவக்கீன் வாசலில் நின்று வெகுநேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"பேச்சி, யாரை ஏட்டிங்கிறே?"

"நானா?"

"இப்பச் சொன்னியே. 'பொறு ஏட்டி, தண்ணி மாத்துதேன்'னு சொன்னியே."

அப்படிச் சொன்னதாக அவளுக்கு நினைவே இல்லை. அவள் அப்படிக் கூப்பிட்டது உலகத்தில் ஒரே ஒருத்தியைத்தான்.

சித்திரை பிறந்ததும் துரைச்சாணி, கொச்சியில் கப்பல் புறப்படப் போகிறது, இரண்டு நாளில் புதரைப் பெட்டியில் அடைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டாள். பெட்டியைக் கோட்டயம் வரை கொண்டுபோகிற பொறுப்பு கங்காணி அழகுமலைக்கு. எத்தனை ஆள் தூக்க வேண்டியிருக்கும் என்று பார்க்க அவன் கண்ணாடி வீட்டுக்குள் வந்தான். தலைப்பாகை, காதில் கடுக்கன், கையில் பிரம்பு. அதுவரை அவன் அங்கே வந்ததே இல்லை.

"எதை அனுப்புறாக?"

"இதைத்தான்," என்று தொட்டியைக் காட்டினாள் முத்துப்பேச்சி.

"இம்புட்டுப் பெரிய சேம்பு எங்கன கெடச்சுது?"

"மேல கசத்துல."

அழகுமலையின் முகத்தில் ரத்தம் வற்றினது போல ஆயிற்று. "அந்தத் தண்ணியில எறங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல? யாரு கேட்டு எறங்குனே?"

"துரைச்சாணியம்மா கேட்டாக."

அவன் தொட்டியைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து வெளியே போனான். போனபிறகு முத்துப்பேச்சி திரும்பிப் பார்த்தாள். மூன்று வாரமாக அவளையே பார்த்துக்கொண்டிருந்த இலைகள் அஞ்சும் வாசற்பக்கம் திரும்பி நின்றன. ஆவியில் இருந்த வட்டமும் இடம் மாறி வாசலுக்கு நேரே இருந்தது. வெயில் நன்றாக ஏறியிருந்த நேரம் அது. மற்றப் பெட்டிகளில் ஆவி எல்லாம் கலைந்து போயிருந்தது.

மறுநாள் மத்தியானம் துரையும் துரைச்சாணியும் பக்கத்து எஸ்டேட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தார்கள். பெட்டியில் அடைக்கப் பாசி வேண்டும் என்று முத்துப்பேச்சி கீழோடைக்குப் போனாள். கால் முடியாதவள் ஈரச் சாக்கைச் சுமக்க வேண்டாமே என்று சுவக்கீனும் கூடப் போனார். இருவரும் திரும்பி வரும்போது கண்ணாடி வீட்டுக்குள் தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டது. தொடர்ந்து, ஆண்பிள்ளை அழுகிற சத்தம்.

அழகுமலை தொட்டியின் முன்னால் மண்டியிட்டிருந்தான். மூடிப்பலகை தரையில் உடைந்து கிடந்தது. வலது கை முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள். வேர்ப்பந்தைப் பிடுங்கிக்கொண்டு போகத்தான் கையை விட்டிருக்கிறான். விட்ட விரல்கள் வேருக்குள் எங்கேயோ புகுந்து மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. இழுத்த இழுப்பில் தொட்டித் தண்ணீர் அவன் மேலெல்லாம் வழிந்திருந்தது. அஞ்சு இலையும் அவன் முகத்தின் மேல் கவிந்து கிடந்தன.

"எடுத்து விடு பேச்சி," என்றான். "பிடிச்சிருக்கு. விட மாட்டேங்குது. அறுத்து விடு தாயி."

முத்துப்பேச்சி கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். வேர்ப்பந்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்து, அவன் விரல்களைச் சுற்றியிருந்த வேர்களை அறுக்க ஆரம்பித்தாள். நூல் நூலாக, பின்னிப் பின்னி இறுகியிருந்தன. ஒரு கொத்து வேர் மொத்தமாகப் பிரிந்து விழுந்ததும் அடியில் இருந்தது தெரிந்தது. அது கல்லில்லை. பாசி பிடித்துப் பழுப்பேறிய மண்டை ஓடு. அவனுடைய ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டு கண்குழிக்குள்ளும் நுழைந்திருந்தன.

சுவக்கீன் சிலுவை போட்டுக்கொண்டார். முத்துப்பேச்சி கையிலிருந்ததை மெதுவாகத் திருப்பினாள். கீழ்த்தாடை இல்லை. மேல்வரிசைப் பற்கள் வேருக்கு நடுவே வெள்ளையாகத் தெரிந்தன. இடப்பக்கம் ஒரு பல்லின் மேல் இன்னொரு பல் ஏறி நின்றது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழகுமலைதான் பேசினான்.

"நான் தள்ளலை. சத்தியமா நான் தள்ளலை. கையைத்தான் பிடிச்சேன். அவளாத்தான் வழுக்கிப் பாறையில விழுந்தா."

யாரும் அவனை எதுவும் கேட்டிருக்கவில்லை.

"யாரு வழுக்கி விழுந்தா, கங்காணி?" என்றார் சுவக்கீன், மெதுவாக.

அப்போதுதான் அழகுமலைக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வாயை மூடிக்கொண்டான். முத்துப்பேச்சி மீதி வேரையும் அறுத்து அவன் விரல்களை விடுவித்தாள். விடுபட்ட பிறகும் அவன் எழுந்து ஓடவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தான். லயத்து ஆட்கள் வந்து கட்டி வைக்கும்போதும் அவன் கண் தொட்டியை விட்டு அகலவில்லை.

துரைக்கு விஷயத்தை வெளியே விட இஷ்டமில்லை. எஸ்டேட்டுக்குள்ளேயே பேசி முடிக்கலாம் என்றார். துரைச்சாணிதான், ஆச்சரியம், ஒப்பவில்லை. அவளே கையெழுத்துப் போட்டுப் பீருமேட்டுப் போலீசுக்குக் கடிதம் அனுப்பினாள். போலீஸ் வந்து கசத்தில் ஆள் இறக்கித் தேடியது. நீட்டுப்பாறைக்கு அடியில் மற்ற எலும்புகள் கிடைத்தன. கூடவே, இடுப்பெலும்போடு சேர்த்து வேலிக்கம்பி சுற்றிக் கட்டிய ஒரு பெரிய கல்லும் கிடைத்தது. வழுக்கி விழுந்தவள் இடுப்பில் கம்பி சுற்றிக்கொண்டு விழ மாட்டாள். அந்தக் கல்லைத் தூக்கிக் கரையில் போட்டதும் அழகுமலை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். தனியாகத் துணி துவைத்தவளிடம் வம்புக்குப் போனது, அவள் கத்தினது, தள்ளினது, குமுளி வண்டிக் கதையைக் கட்டினது, எல்லாம். கோட்டயத்தில் வழக்கு நடந்து அவனுக்கு ஆயுள் தண்டனை ஆயிற்று. ஜெயிலில் அவன் குளிக்க மறுத்தான் என்றும், குடிக்கச் செம்பில் தண்ணீர் கொடுத்தாலும் முதலில் உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்ப்பான் என்றும் பின்னால் யாரோ வந்து சொன்னார்கள்.

ஆனால் அதெல்லாம் நடக்குமுன்னே ஒரு வேலை இருந்தது. பீருமேட்டிலிருந்து வந்த டாக்டர், வேரை எல்லாம் எடுத்துச் சுத்தமாகத் தந்தால்தான் பார்த்து எழுத முடியும் என்றுவிட்டார். போலீஸ்காரர் ஒருவரும் தொடத் துணியவில்லை.

"நான் எடுத்துத் தாரேன்," என்றாள் முத்துப்பேச்சி.

காலையில் உட்கார்ந்தவள் பொழுது சாயும் வரை எழவில்லை. கத்தியை அவள் தொடவேயில்லை. மூங்கில் குச்சி ஒன்றைச் சீவி வைத்துக்கொண்டு, தன் மடியில் வைத்து, வேர் வேராகச் சிக்கெடுத்தாள். உச்சியிலிருந்து ஆரம்பித்துப் பின்பக்கம் இறங்கி, காதுப்பக்கம் வந்து. வேர்கள் கறுப்பாக, நீளமாக, ஈரமாக அவள் தொடையில் வழிந்து கிடந்தன. வாசலில் காவலுக்கு இருந்த ஏட்டு பொறுக்க முடியாமல் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். சுவக்கீன் மட்டும் இருந்தார். அவள் வாய்க்குள் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள் என்றும், இடையிடையே நிறுத்திப் பதில் கேட்கிற மாதிரித் தலையைச் சாய்த்தாள் என்றும் அவர் பின்னால் சொன்னார். என்ன பேசினாள் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

எல்லாம் பிரிந்ததும் சேம்பு தனியாக ஒரு பக்கம் கிடந்தது. ஒரு வேர்கூட அறுபடவில்லை. துரைச்சாணி தயங்கித் தயங்கி வந்து சுவக்கீனிடம் ஏதோ சொன்னாள்.

"செடியை என்ன செய்யப்போறேன்னு கேக்காக," என்றார் அவர். "எரிச்சிட்டாலும் சரிதானாம். உன் இஷ்டமாம்."

முத்துப்பேச்சி கிழங்கைக் கையில் எடுத்தாள். கப்பலுக்குச் செய்து வைத்திருந்த பெட்டியைத் திறந்து, கரியும் பாசியும் பரப்பி, புதுசாக ஒரு கல்லின் மேல் கிழங்கை வைத்து வாழைநாரால் கட்டினாள். இடுக்கெல்லாம் அவளே மக்குப் பூசினாள்.

"உன் கையாலேயேவா?" என்றார் சுவக்கீன், தாங்காமல்.

"அதுக்கு நான் ஏன் கெடுதல் செய்யணும் அண்ணாச்சி? மூணு வருசத்துக்கு முந்தி வந்த பெரிய வெள்ளத்துல பாலம் போச்சு, வீடு போச்சு, மலையே சரிஞ்சு போச்சு. என் தங்கச்சியை அது போக விடலையே."

பெட்டி கோட்டயம் போய், கொச்சி போய், கப்பலேறிற்று. அந்தச் செடி சீமையில் என்ன ஆயிற்று என்று இவர்களில் யாருக்கும் தெரியாது.

வழக்கு முடிந்து எலும்புகள் கைக்கு வர ஆவணி ஆகிவிட்டது. லயத்துக்கு மேலே, தண்ணீர் தேங்காத ஒரு மேட்டில் புதைத்துவிட்டு, முத்துப்பேச்சி குமுளி இறங்கிச் சொந்த ஊருக்குப் போனாள். அப்பனிடம் ஆள்விட்டுச் சொல்லுகிற சேதி இல்லை அது.

பெரியமுத்து வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். மகள் சொல்வதை முழுக்கக் கேட்டார். கசம், கம்பி சுற்றின கல், குமுளி வண்டிப் பொய், எல்லாவற்றையும் கேட்டார். அழவில்லை.

"அஞ்சு வருசமாத் தண்ணிக்குள்ளயா கெடந்தா?" என்றார் கடைசியில்.

"ஆமாய்யா."

அவர் வாசற்கதவைப் பார்த்தார்.

"வந்தா," என்றார்.

"யாருய்யா?"

"அவதான். வெள்ளம் வந்த வருசம். கோழி கூப்புடுற நேரம். கதவைத் தட்டுன சத்தம் கேட்டுத் தொறந்தேன். ஈரச் சேலையோட வாசல்ல நிக்கா. தலைமுடியெல்லாம் மூஞ்சியில விழுந்து, தண்ணியாச் சொட்டுது. குளிருதுய்யாங்கா. அந்த வளையல்காரன் அடிச்சு வெரட்டிட்டான் போலிருக்கு, அதான் வந்து நிக்கான்னு நெனச்சேன். எனக்கு அப்படி ஒரு மக இல்லன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டேன். வெளியில யார்கிட்டயும் சொல்லலை. அவ நின்ன எடம் ரெண்டு நாளாக் காயவே இல்ல பேச்சி."

கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தட்டுத்தடுமாறி வாசலுக்குப் போய், சாத்தியிருந்த கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்தார். வெளியே யாரும் இல்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"உள்ள வா தாயி," என்றார்.

முத்துப்பேச்சி சுவரோடு ஒதுங்கி வழி விட்டாள்.